வெல்லம் தின்று செத்த குதிரை

ஒன்பது பக்கம் இருந்தது முதலில் வந்த திட்டம். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து முழுவதையும் படித்தேன். டிசம்பரில் மூன்று நாள் மலைக்காட்டில் கூடாரம், பேரப்பிள்ளைகள் சவாரி செய்ய ஆறு குதிரைகள், மேலிருந்து படம் பிடிக்க ட்ரோன், சாயங்காலம் பார்பிக்யூ. முதல் பக்கத்தில் என் பெரியப்பா ஒரு குதிரையின் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும் கறுப்பு வெள்ளைப் படம். கீழே, ‘நம் சபையின் முதல் குதிரை முகாமை நடத்திய தலைமையாசிரியர் ஐயாவின் நினைவாக’ என்று ஒரு வரி. குதிரைகளுக்கு என்ன ஏற்பாடு என்று தேடினேன். ஏழாம் பக்கத்தில் இருந்தது: ‘மலையில் மேய்ச்சல் உண்டு.’ அவ்வளவுதான்.

கேம்ப் என்று நாம் சொல்லும் கன்டோன்மென்ட் பகுதியில் ஒரே ஞாயிறுப் பள்ளியில் படித்து, இன்று அறுபதைத் தாண்டி, ஔந்த், நிக்டி, துபாய், கனடா என்று சிதறிக் கிடக்கும் நாமெல்லாம் இந்த வாட்ஸாப் குழுவில் இருக்கிறோம். திட்டத்தைப் போட்டவன் பெரியப்பாவின் இளைய மகன். எனக்குத் தம்பி முறை. அரை மணி நேரத்தில் ஆளாளுக்குக் கைதட்டினீர்கள். அதுகூடப் பரவாயில்லை. அதற்குப் பிறகு உங்களில் ஒருவர் எழுதினீர்கள்: ‘வெல்லக்கா வருவாங்களா? பையைச் செக் பண்ணித்தான் பஸ்ல ஏத்தணும்.’ அதற்குக் கண்ணீர் வரச் சிரிக்கும் மூஞ்சிகள் பதினொன்று. எண்ணினேன்.

வெல்லக்கா என்று நீங்கள் சொல்வது என் அக்காவை. அந்தப் பெயரை வைத்தது நீங்கள். எதற்காக வைத்தீர்கள் என்பது பாதிப்பேருக்கு மறந்தே போயிருக்கும். எனக்கு மறக்கவில்லை. குரல் செய்தி அனுப்பினால் என் குரல் நடுங்கும். அது வயதினால் என்று நினைத்துக்கொள்வீர்கள். அதனால் எழுதுகிறேன். பொறுமையாக எழுதுவேன் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன்.

நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடை அது. அக்கா பள்ளி இறுதித் தேர்வு எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்தாள். எங்கள் சந்துக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட லாயம் ஒன்று இருந்ததே, இப்போது அந்த இடத்தில் மொபைல் கடையும் ஷவர்மாக் கடையும் இருக்கின்றன, அங்கே ஒரு டாங்காக்காரர், குதிரைவண்டி ஓட்டுகிறவர், மூன்று குதிரைகள் வைத்திருந்தார். இரண்டு ஆண் குதிரைகள், ஒரு சாம்பல் நிறப் பெண் குதிரை. அதை அவர் ‘பேட்டீ’ என்று கூப்பிடுவார். இந்தியில் மகளே என்று அர்த்தம். ஊரிலிருந்து புதிதாக வந்திருந்த எங்கள் அத்தை, ‘என்னட்டி, குதிரைகிட்ட பேட்டி எடுக்காரா?’ என்று கேட்டுவிட்டாள். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

அக்கா தினமும் மத்தியானம் அங்கே போய்விடுவாள். நானும் பின்னாலேயே போவேன். கொள்ளு வேகிற வாசனையும், எண்ணெய் போட்ட தோலின் வாசனையும், ஈரச் சாணத்தின் புளித்த வாசனையும் கலந்து கிடக்கும் அந்த லாயத்தில். குதிரையின் குளம்பைத் தூக்கி மடியில் வைத்து உள்ளே சிக்கிய கல்லை வளைந்த கம்பியால் எடுக்க அக்காவுக்கு அவர் கற்றுக்கொடுத்திருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. அக்காவின் இந்தி அப்போது அரைகுறை. ஆனாலும் அவர் பேசப் பேச இவள் புரிந்துகொள்வாள். குதிரை டாக்டருக்குப் படிக்கப்போகிறேன் என்று அவள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். எங்கள் அப்பா மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டர். அவரும் அதைக் கேட்டுச் சிரித்துக்கொள்வார், பெருமையாக.

அந்த ஏப்ரலில்தான் பெரியப்பா குதிரை முகாம் அறிவித்தார். பெரியப்பாவை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பள்ளித் தலைமையாசிரியர், வாலிபர் சங்கத் தலைவர், நல்ல குரல். அப்பாவுக்கு வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். அவர் உட்காரும்வரை எங்கள் வீட்டில் யாரும் உட்கார மாட்டோம். சஹ்யாத்ரியில் ஒரு மலைமேல் பழைய காட்டு பங்களா ஒன்று இருந்தது. லாரியில் அடிவாரம் வரை போவது, அங்கிருந்து குதிரைகளோடு காட்டுக்குள் ஏறுவது, மேலே மூன்று நாள் தங்கி வேதபாடம், பாட்டு, விளையாட்டு. டாங்காக்காரரிடம் முன்பணம் கொடுத்துப் பேசியிருந்த மூன்று குதிரைகளும் சாமான் சுமக்கும், சின்னப் பிள்ளைகள் முறை வைத்து ஏறிக்கொள்ளலாம். கேம்பே பரபரத்தது. சைக்ளோஸ்டைல் செய்த நிகழ்ச்சி நிரல் வந்தது. அந்த மையின் மண்ணெண்ணெய் வாசனை இன்னும் எனக்கு மூக்கில் இருக்கிறது. ஆறு மணி ஜெபம், ஆறரை டீ, ஏழு மணி தேகப்பயிற்சி என்று மணிக்கு மணி இருந்தது. கடைசியில், ‘குதிரைகள் காட்டில் மேயும்.’

மகன் எழுதிய வரியைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மேய்ச்சல் உண்டு. அப்பனுக்கும் மகனுக்கும் ஐம்பது வருடத்தில் ஒரு வரி கூடவில்லை.

அக்கா அந்தக் காகிதத்தை லாயத்துக்கு எடுத்துப் போனாள். டாங்காக்காரரிடம் படித்துக் காட்டினாள். அவர் சிரிக்கவில்லை. பீடியை அணைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தார். அக்கா ஞாயிறுப் பள்ளி வருகைப் பதிவுத் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டாள். மே மாதம் மலைமேல் புல் காய்ந்து சரசரவென்று கிடக்கும், அதில் சத்து இருக்காது. சோளத்தட்டையும் கொள்ளும் முதல் நாளே மேலே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். தண்ணீர் இருக்கிறதா என்பது மட்டும் போதாது, குதிரை அந்தத் தண்ணீரண்டை போக முடியுமா என்று பார்க்க வேண்டும். பாறையில் வெட்டிய குளத்தில் படி இறங்கிக் குதிரை குடிக்காது. லாடம் புதிதாக அடிக்க வேண்டும். இறக்கத்தில் யாரும் ஏறி உட்காரக் கூடாது. இரண்டு மரத்துக்கு நடுவே நெஞ்சு உயரத்தில் நீளக் கயிறு கட்டி அதில் குதிரைகளைப் பிணைக்க வேண்டும். புதரண்டை, வேலியண்டை கட்டக் கூடாது. கட்டுவதற்கு முன்னால் சுற்றிலும் என்ன முளைத்திருக்கிறது என்று ஒரு நடை நடந்து பார்க்க வேண்டும், ஏனென்றால் பசித்த குதிரை எட்டுகிற எதையும் தின்னும். எல்லாவற்றுக்கும் மேலே, அவர் கூட வர வேண்டும்.

அக்கா அத்தோடு விடவில்லை. அந்த மலைப்பக்கத்திலிருந்து மார்க்கெட்டுக்குக் காய் கொண்டுவரும் ஒரு அம்மாளைத் தேடிப் பிடித்து மேலே தண்ணீர் எப்படி என்று விசாரித்தாள். ஏப்ரலோடு ஊற்றெல்லாம் வற்றிவிடும், அந்தக் குளம் ஒன்றுதான், அதற்கும் முப்பது நாற்பது படி என்று அந்த அம்மாள் சொன்னாள். அம்மா பழைய மிலிட்டரி கான்வாஸைக் கிழித்து மூன்று வாய்ப்பைகள் தைத்துக் கொடுத்தாள், கொள்ளு போட்டுக் குதிரையின் தலையில் மாட்டிவிடுகிற பை. ஓரத்தில் சிவப்பு நூலால் இரட்டைத் தையல் போட்டிருந்தாள். வேறு எதற்கும் அம்மா அத்தனை அழகாகத் தைத்து நான் பார்த்ததில்லை. அந்தப் பைகள் லாரியில் ஏறவே இல்லை, எங்கே போயின என்று யாருக்கும் தெரியாது.

பெரியப்பா ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தபோது அக்கா அந்தத் தாளை நீட்டினாள். அவர் கைகழுவி, துடைத்து, கண்ணாடி போட்டுப் படித்தார். பாதியிலேயே மடித்துவிட்டார்.

“ஏட்டி, காட்டுல புல்லுக்கா பஞ்சம்? காட்டுப் புஷ்பங்களக் கவனிச்சிப் பாருங்கன்னு வேதம் சொல்லுது. நீ குதிரைக்குக் கல்யாணச் சாப்பாடு கேக்கே.”

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா விடாமல், மே மாசம் புல் காய்ந்திருக்கும் பெரியப்பா, டாங்காக்காரரையாவது கூட்டிக்கொண்டு போகலாம் என்றாள். பெண்பிள்ளைகள் வரும் இடத்துக்குப் பீடி குடிக்கிறவனைக் கூட்டிவர முடியாது, குதிரையைப் பார்த்துக்கொள்ள உன் அப்பா இருக்கிறான் என்று முடித்துவிட்டார். அப்பா தலையாட்டினார். மாட்டாஸ்பத்திரியில் மருந்து கலக்குகிறவர் அப்பா. குதிரையை அங்கே மாதத்துக்கு ஒரு தடவை பார்த்தால் அதிகம். அது அவருக்கும் தெரியும், அண்ணனுக்கும் தெரியும்.

அந்தத் தாளைப் பெரியப்பா எங்கள் சாப்பாட்டு மேசைமேலேயே விட்டுவிட்டுப் போனார். ரசக் குண்டானின் வட்டம் அதில் பதிந்திருந்தது. பல வருடம் அக்காவின் டிரங்குப் பெட்டியில் அது கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். வீடு மாறியபோது பெட்டியோடு தொலைந்தது.

போனோம். நீங்களும் வந்திருந்தீர்கள், குறைந்தது பன்னிரண்டு பேர். லாரியில் பாடிய பாட்டெல்லாம் உங்களுக்கு நினைவிருக்கும். குழுவில் யாரோ நேற்று எழுதியும் இருந்தீர்கள். எனக்கு நினைவிருப்பது வேறு. அடிவாரத்தில் அரிசி மூட்டையும் பித்தளை அண்டாவும் சாம்பல் குதிரைமேல்தான் ஏற்றப்பட்டன, அதுதான் சாது என்பதால். வெயில் ஏற ஏற அதன் கழுத்து ஈரமாகி, ஈரம் நுரையாகி, சேணத்துக்குக் கீழே வெள்ளையாகக் காய்ந்தது. அக்கா ஐந்து மணி நேரமும் அதன் தலைமாட்டிலேயே நடந்தாள். ஒரு தடவைகூட ஏறிக்கொள்ள முறை கேட்கவில்லை. இரண்டு பக்கமும் இலை உதிர்ந்த புதர்கள். காலடியில் சருகு நொறுங்கும் சத்தம். வழியில் ஓடைகள் எல்லாம் வெறும் கல். பச்சையாக ஒரு புல் கிடையாது.

மேலே பங்களா அழகாகத்தான் இருந்தது. ஓட்டுக் கூரை, கல் தளம், சுற்றிலும் ஆள் உயரத்துக்கு அரளி வேலி, இளஞ்சிவப்பாகப் பூத்துக் கொட்டியிருந்தது. அந்த மலையிலேயே பச்சையாக இருந்தது அது ஒன்றுதான். தண்ணீர் படிக்கட்டுக் குளத்தில். நானும் அக்காவும் வாளியில் மொண்டு மொண்டு கொண்டுவந்தோம். மூன்று குதிரைகள் குடித்து முடிப்பதற்குள் என் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. ஆண் குதிரைகளைச் சமையலறைக்குப் பின்னால் நாவல் மரத்தில் கட்டினார்கள். சாம்பல் குதிரையைப் பெரியப்பா முன்பக்கம் கொண்டுபோய்ப் பூவேலிக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார். இப்போது திட்டத்தின் முதல் பக்கத்தில் இருக்கிறதே, அந்தப் படம்தான். உற்றுப் பாருங்கள். பின்னால் வெள்ளை வெள்ளையாகத் தெரிவது அரளிப்பூ.

படம் எடுத்த பிறகு குதிரையை அங்கேயே வேலிக் கம்பத்தில் கட்டினார். காலையில் எல்லோரும் சேர்ந்து இன்னொரு படம் எடுக்க வேண்டும், அவிழ்த்துக் கட்டுவது வீண் வேலை என்றார். அக்கா போய்ச் சொன்னாள், வேலியண்டை வேண்டாம் பெரியப்பா, பசியோடு இருக்கிறது, மரத்தடிக்கு மாற்றுகிறேன் என்று. நான் அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“பொம்பளப் புள்ளைக்குக் குதிரை என்னத்துக்குட்டி? அடுப்படியில ஆள் இல்லாம உன் அம்மா தவிக்கா. போ.”

அக்கா போகும் முன் தாவணி முடிச்சிலிருந்து ஒரு துண்டு வெல்லத்தை எடுத்துக் குதிரைக்குக் கொடுத்தாள். கட்டை விரல் அளவுதான் இருக்கும். அதன் உதடு அவள் உள்ளங்கையைத் தடவித் தடவித் தேடியது. பிறகு சமையலறைக்குள் போய்விட்டாள்.

மறுநாள் காலை ஜெபத்துக்கு மணி அடித்தபோது குதிரை கால்களை அகட்டிக்கொண்டு நின்றது. உடம்பெல்லாம் வேர்வை, ஆனால் காதைத் தொட்டால் சில்லென்று இருந்தது. வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. அப்பா அதன் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டார், முகம் மாறியது. துடிப்பு தப்பித் தப்பி வருகிறது என்று பெரியப்பாவிடம் மெதுவாகச் சொன்னார். பெரியப்பா ஜெபத்தை நிறுத்தவில்லை. பாட்டுச் சத்தம் ஒரு பக்கம், குதிரை முனகும் சத்தம் ஒரு பக்கம். அக்கா அதைப் பிடித்து நடக்கவைக்கப் பார்த்தாள், வயிற்றைத் தேய்த்தாள், வாளியை வாயருகே வைத்தாள். பத்து மணி போல் முன்னங்கால் மடிந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் செத்துப்போயிற்று.

அப்போது நடந்த ஒன்றை நான் வெகுகாலம் எல்லோரிடமும் சொல்லிவந்திருக்கிறேன், உங்களிடமும் சொல்லியிருப்பேன். அப்பா தன் துண்டை நனைத்து, செத்த குதிரையின் வாயைத் திறந்து, உள்ளே விரல் விட்டு மெதுவாகத் துடைத்தார். பல், நாக்கு, உதட்டோரம் எல்லாம். வாயில்லாத ஜீவனிடம் எங்கள் அப்பாவுக்கு எவ்வளவு இரக்கம் என்று சொல்லி முடிப்பேன்.

அதற்குப் பிறகு விசாரணை. பெரியப்பா எல்லோரையும் கல் தளத்தில் உட்காரவைத்தார். குதிரைக்கு யார் என்ன கொடுத்தது என்று கேட்டார். அவர் என்னைப் பார்த்தார்.

“நீ சொல்லுட்டி. நீ பொய் சொல்ல மாட்டே. உங்கக்கா என்ன குடுத்தா?”

“வெல்லம்,” என்றேன்.

உண்மையைத்தான் சொன்னேன். பத்து வயதில் உண்மை சொன்னதற்காக அவர் என் தலையைத் தடவினார். அக்கா என்னைப் பார்க்கவில்லை, குதிரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கட்டின இடம் என்று தொடங்கினாள். அப்பா, ‘வாய மூடு’ என்றார். அவள் வாழ்க்கையில் அப்பா அவளிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை.

ஊருக்குத் திரும்பினோம். மலையடிவாரத்துக்காரர்கள் குதிரையை மேலேயே புதைத்தார்கள். இரண்டு நாள் கழித்து டாங்காக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தார். பெரியப்பாவும் இருந்தார். வந்தவர் சத்தம் போடுவார் என்று நாங்கள் பயந்தோம். அவர் வாசலிலேயே நின்று ஒன்றே ஒன்று கேட்டார்: எங்கே கட்டியிருந்தீர்கள்? அதை விட்டுவிட்டுப் பெரியப்பா வெல்லத்தைப் பற்றி நீளமாகச் சொன்னார், பெண்பிள்ளையின் அறியாமை, மன்னிக்க வேண்டும் என்றார். டாங்காக்காரர் முழுவதையும் கேட்டார். பிறகு பெரியப்பாவைப் பார்க்காமல் அக்காவைப் பார்த்து, வெல்லத்தால் குதிரை சாகாது மகளே என்று இந்தியில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். சாம்பல் குதிரை போன பிறகு அவரால் இரண்டு குதிரைகளை வைத்து ஓட்ட முடியவில்லையோ, மனம் விட்டுப்போனதோ, மழைக்காலம் முடிவதற்குள் லாயத்தைக் காலி செய்துவிட்டார்.

அடுத்த வாலிபர் கூட்டத்தில் பெரியப்பா பேசினார். அளவுக்கு மீறிய அன்பும் பாவம் என்று தலைப்பு. அக்கா மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அன்று வெளியே வரும்போதுதான் உங்களில் யாரோ முதல் முறையாக ‘வெல்லக்கா’ என்று கூப்பிட்டீர்கள். சின்னப் பிள்ளைகள், சரி. ஆனால் அவள் கல்யாணத்திலும் கூப்பிட்டீர்கள். அவள் கணவனுக்கு விளக்கமும் சொன்னீர்கள்.

ரிசல்ட் வந்தது. நல்ல மார்க். கால்நடை மருத்துவத்துக்குப் போக முதலில் கல்லூரியில் சேர வேண்டும். அதற்குத் தலைமையாசிரியர் கையெழுத்து வேண்டும். கையிலிருந்த ஜீவனைக் காப்பாற்றத் தெரியாதவளுக்கு அந்தப் படிப்பு எதற்கு என்று பெரியப்பா கேட்டார். அப்பா எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அக்காவை டைப்ரைட்டிங் வகுப்பில் சேர்த்தார்கள். முப்பத்தைந்து வருடம் ஒரு ஆபீஸில் மற்றவர்கள் சொல்லச் சொல்ல டைப் அடித்தாள். இன்றும் விரல் மூட்டெல்லாம் வீங்கியிருக்கிறது. பிறகு அவள் ஒரு குதிரையையும் தொட்டதில்லை. கல்யாண ஊர்வலத்தில் குதிரை வந்தால் எதிர்ப்பக்க நடைபாதைக்குப் போய்விடுவாள்.

அப்பா கடைசி இரண்டு வருடம் நிக்டியில் என் வீட்டில் இருந்தார். பெரியப்பா அதற்கு முன்பே போய்விட்டார். ஒரு நாள் காலை பால்கனியில் உட்காரவைத்து அப்பாவுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். கீழே காலனித் தோட்டத்தில் அரளி பூத்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர் திடீரென்று சொன்னார்:

“அந்தக் குதிரை அரளியத்தான் தின்னுருந்துச்சு. இலை பல்லுக்கு நடுவுல நசுங்கிக் கெடந்துச்சு. தொடச்சி எடுத்து என் பாக்கெட்டுல போட்டுட்டேன்.”

நகவெட்டி என் கையில் அப்படியே நின்றது. ஏன் அப்பா என்று கேட்டேன்.

“அண்ணன் பேரு கெட்டுப்போயிரும்லா.”

“அப்ப அக்கா பேரு?”

“சின்னப் புள்ளதான, மறந்துருவான்னு நெனச்சேன்.”

அன்று மீதி நகத்தை நான் வெட்டவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டேன். அவர் ஐந்து விரல் வெட்டியும் ஐந்து விரல் வெட்டாமலும் உட்கார்ந்திருந்தார். இரக்கம் என்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தது இதைத்தான். தடயத்தை அழித்திருக்கிறார், பெற்ற மகளுக்கு எதிராக, நனைத்த துண்டால், என் கண் முன்னால்.

அக்காவிடம் இதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அப்பா போய் ஆறு வருடம் ஆகிறது. அவள் அப்பாவைக் கடைசிவரை பார்க்க வந்துகொண்டிருந்தாள், வாரம் தவறாமல், அவருக்குப் பிடித்த ரவா கேக் செய்து எடுத்துக்கொண்டு. அதைக் கெடுக்க எனக்கு என்ன உரிமை என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பயந்தாங்கொள்ளிக்கு நியாயத்துக்கா பஞ்சம்.

பதினொரு சிரிக்கும் மூஞ்சிகள் என்னைக் கிளப்பின. வெள்ளிக்கிழமை காலை அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்: பல், இலை, பாக்கெட். அவள் கை நிற்கவில்லை. சொல்லி முடித்த பிறகு, உட்காரு என்றாள்.

“அப்பா தொடச்சத நான் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன். பச்சையா கையில எடுத்தாங்க.”

எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வது? தெரிந்திருந்துமா இத்தனை வருடம், தெரிந்திருந்துமா ரவா கேக் என்று கத்தினேன். பக்கத்து ஃப்ளாட்டில் கதவு திறந்து மூடியது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவள் கொத்தமல்லியை ஓரமாக வைத்தாள்.

“யாருகிட்டச் சொல்ல? கேட்டப்ப நீயே வெல்லம்னுதான சொன்ன.”

அவள் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. அதுதான் என்னைக் கொன்றது. மன்னித்துக்கொள் என்றேன். ஐம்பது வருடம் கழித்து. சரி, டீ போடவா என்றாள்.

டீ குடித்த பிறகு, திட்டத்தைக் காட்டு என்றாள். என் போனை வாங்கி, விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி ஒன்பது பக்கத்தையும் படித்தாள். முதல் பக்கத்தில் எவ்வளவு நேரம் நின்றாள் என்று நான் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை. பிறகு முகம் கழுவி, புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். ஆட்டோ பிடி, ஔந்துக்குப் போகலாம் என்றாள்.

தம்பி எங்களை நன்றாகவே வரவேற்றான். அதை மறைக்க மாட்டேன். பலகாரம் வாங்கி வரச் சொன்னான். அக்கா எதையும் தொடாமல் கேள்வி கேட்க ஆரம்பித்தாள். ஆறு குதிரை எங்கிருந்து வருகிறது, எத்தனை வயது, கூட வரும் ஆள் யார், அவர் படுக்க இடம் உண்டா? குடிநீர் டேங்கர் என்று போட்டிருக்கிறாயே, அது மனிதருக்கு; ஒரு குதிரை ஒரு நாளைக்கு மூன்று நான்கு வாளி குடிக்குமே, யார் சுமப்பது? பார்பிக்யூ புகையும் ட்ரோன் சத்தமும் வைத்துக்கொண்டு குதிரையை எங்கே நிறுத்துவாய்? டாக்டர் எவ்வளவு தூரத்தில்? அவனுக்கு ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை. ஆனால் எல்லாவற்றையும் லேப்டாப்பில் எழுதிக்கொண்டான். தீவனம் முதல் நாளே மேலே போகும், ட்ரோன் வேண்டாம், இறக்கத்தில் பிள்ளைகள் ஏற மாட்டார்கள், குதிரைக்காரர் கட்டாயம் வருவார் என்று எல்லாவற்றுக்கும் ஒப்புக்கொண்டான். அக்கா, எவ்வளவு தெரிஞ்சு வச்சிருக்கீங்க என்று வியந்தான். அவள் வாழ்நாளில் ஒரு ஆண்பிள்ளை அவள் சொல்லக் கேட்டு எழுதிக்கொண்டது அன்றைக்குத்தான்.

கடைசியாக அவள், முதல் பக்கத்தை எடுத்துவிடு என்றாள். ஏன் என்று கேட்டான். சொன்னாள். இரண்டு நிமிடத்தில், குரல் உயர்த்தாமல், எங்கே கட்டினார், யார் துடைத்தார் என்று. அவன் முகம் சிவந்தது. லேப்டாப்பை மூடினான்.

“ச்சோடோ நா அக்கா, விட்டுருங்க. செத்துப்போனவங்களப் பத்தி இப்ப எதுக்கு?”

“நான் இன்னும் சாகலியே,” என்றாள் அக்கா.

அவன் பலகாரத் தட்டை எங்கள் பக்கம் நகர்த்தி வைத்தான். பிறகு, தனியாக நான் முடிவு செய்ய முடியாது, கமிட்டியில கேட்கணும் என்றான்.

இது நடந்து எட்டு நாள் ஆகிறது. புதிய திட்டம் நேற்று வந்துவிட்டது, பதினொரு பக்கம். குதிரைக்கு மட்டும் இரண்டு பக்கம், அக்கா சொன்னது வார்த்தைக்கு வார்த்தை இருக்கிறது, அவள் பெயர் எங்கும் இல்லை. முதல் பக்கத்தில் பெரியப்பா அப்படியே நிற்கிறார். நீங்கள் மறுபடியும் கைதட்டியிருக்கிறீர்கள்.

கமிட்டி யார் என்று தம்பியிடம் போன் செய்து கேட்டேன். குழுவில இருக்கிற எல்லாரும்தான் அக்கா என்றான். அப்படியானால் நீங்கள்தான். அக்கா இந்தக் குழுவில் இல்லை. உங்களில் யாரும் அவளைச் சேர்க்கவில்லை. அவள் நம்பரைக் கீழே தனியாக அனுப்பியிருக்கிறேன். எனக்குப் பதில் எழுத வேண்டாம். அவளைக் கூப்பிட்டு, அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, உங்கள் முடிவைச் சொல்லுங்கள்.